வடகரைத் தோணிக்கு ரேடார் பூட்டப் போனேன்

தூத்துக்குடியில் கப்பல்களுக்கு ரேடார் பழுது பார்ப்பது என் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், கொழும்பில் கப்பல் சாமான் விற்கும் வியாபாரி ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மெக்கானிக் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டாராம். யாழ்ப்பாணத்தில் ஒரு பாய்மரத் தோணிக்கு ரேடார் பூட்ட வேண்டும், வர முடியுமா என்று கேட்டிருந்தார். எங்கள் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். மாட்டு வண்டிக்கு மீட்டர் வைக்கப் போகிறாயா என்றான் ஒருவன். நானும் சிரித்துக்கொண்டேதான் பெட்டியைக் கட்டினேன். இரும்புக் கப்பல்களின் உச்சியில் ஏறி இறங்கிய எனக்கு ஒரு மரத்தோணி எம்மாத்திரம் என்ற நினைப்பு. அந்த நினைப்பை அப்போது யாரும் தலைக்கனம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கொழும்புக் கடையில் தோணிக்காரர் எனக்காகக் காத்திருந்தார். பெயர் சபாரத்தினம். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். தண்டையல், அதாவது தோணியின் தலைவன். வெள்ளைச் சட்டையும் சாரமுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த இரண்டு ரேடார்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று பெரியது. வெளியே தெரிகிற நீளமான கை சுழலும்; நாற்பத்தெட்டு மைல் பார்க்கும். மற்றது சின்னது. சுழலும் பாகம் வெள்ளை மூடிக்குள் ஒளிந்திருக்கும், கவிழ்த்து வைத்த அண்டாவைப்போல. அது பதினாறு மைல்தான். எந்தத் தயக்கமும் இல்லாமல் பெரியதையே சொன்னேன்.

அவர் தூரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு கிட்டத்தில் இருப்பதைக் காட்டும் என்று கேட்டார். பெரியது நூறு கஜத்துக்குள் இருப்பதைக் காட்டாது, சின்னது அதைவிடக் கிட்டத்திலும் காட்டும் என்றேன். தம்முடைய பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, பெரிய ரேடாரின் கைமீது வீசி இழுத்தார். சிக்கிக்கொண்டது. சின்னதின் மூடிமீது வீசினார். வழுக்கி விழுந்தது. பாய்க்கயிறு அப்படித்தான் காற்றில் அடிக்குமாம்.

"நாப்பத்தெட்டு மைலுக்கு அங்காலை நிக்கிறது என்னை ஒண்டும் செய்யாது அண்ணை," என்றார். "பக்கத்திலை நிக்கிறதுதான் ஆளை விழுத்தும். எனக்குச் சின்னதைத் தாங்கோ."

இருபது வருட அனுபவஸ்தன் நான், ஒரு கயிற்றிடம் தோற்றேன். ஆனால் அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. மூடி வைத்த ரேடார் எடையிலும் பாதிதான். பாய்மரத்தின் மேலே அந்த எடை எத்தனை முக்கியம் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

வடக்கே போகும் ரயிலில், உளுந்து வடைக்கும் தேநீருக்கும் நடுவே, எல்லாவற்றையும் அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, கொட்டும் மழையில், அவர் ஓட்டி வந்த தோணி கரைக்கு வெளியே பாறைத் திட்டில் ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. தோணியின் அடிப்பாகம் பிளந்து, சரி செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தோணி அவருடைய அக்காவுக்குச் சொந்தம். அத்தான் காலமானபின் அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அன்றிலிருந்து சபாரத்தினம் கடலுக்குப் போகவில்லை. ஊரில் ஒருவரும் முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை என்றும், அதுதான் பெரிய கரைச்சல் என்றும் சொன்னார்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை வீதியில் புறப்பட்டோம். கோப்பாய் வரை வேன் நன்றாக ஓடியது. அங்கே ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது, நின்றதுதான். டிரைவர் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்த பார்வையிலேயே அன்று அது ஓடாது என்று தெரிந்தது.

தோட்டக்காரர் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டு வந்தார். செம்மண் ஒட்டிய கால்கள், தலையில் துண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் வண்டி நின்றுபோனால் பத்துப் பேர் கூடிப் பதினைந்து யோசனை சொல்வார்கள். இவர் யோசனை ஒன்றும் சொல்லாமல் தம்முடைய கைபிடி உழவு யந்திரத்தின் பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் குழாய் இருக்கிறது, ஆடக்கூடாது என்று நான் பதறினேன். அவர் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வெங்காயத் தாளைப் பரப்பி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல ரேடாரைக் கிடத்தினார். வீட்டுக்காரம்மா நிற்க வைத்தே பிட்டும் மாசிச் சம்பலும் கொடுத்தார். தூத்துக்குடிக்காரனுக்கு மாசிக் கருவாட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த முடியாது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன்.

இது என்ன சாமான் என்று அவர் கேட்க, இருட்டிலும் மழையிலும் எதிரில் நிற்பதைக் காட்டும் கருவி என்று சபாரத்தினம் விளக்கினார். அப்படியானால் தன் வெங்காயத்தை ராவில் பிடுங்குகிறவனைக் காட்டுமா என்று தோட்டக்காரர் மிகவும் அக்கறையாக விசாரித்தார். கடலில் மட்டும்தான் என்றதும் அவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. ஆனாலும் கடற்கரை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார், வெங்காயப் பிடி ஒன்றும் கூடவே கொடுத்தார்.

தோணியின் பெயர் வடிவாம்பிகை. இரண்டு பாய்மரம், ஒரு சின்ன டீசல் எஞ்சின். முன்பக்கம் இரண்டு புறமும் வெள்ளையும் கறுப்புமாகக் கண் வரைந்திருந்தார்கள். அக்காவின் பெயர் மகேசுவரி. ஐம்பது வயது, உரத்த குரல், தோணியின் எந்தப் பலகை எந்த வருடம் மாற்றியது என்று நாக்கு நுனியில் வைத்திருப்பவர். எனக்குப் பால் சேர்க்காத தேநீரும் கடித்துக் குடிக்கப் பனங்கட்டியும் கொடுத்தார். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு ஈடாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பூட்டி முடிய நானும் தோணியிலை ஏறி வருவன் தம்பி," என்றார், சபாரத்தினமும் கேட்கும்படியாக. "என்ரை மனம் சரியெண்டால் இவன்தான் தண்டையல். இல்லாட்டி வேறை ஆளைப் பாப்பன். ஆறு குடும்பத்து ஆம்பிளையள் இதிலை ஏறீனம்."

சபாரத்தினம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூட்டப்போவது வெறும் ரேடார் இல்லை என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

மறுநாள் துளையிடும் கருவியோடு பெரிய பாய்மரத்தின் அடியில் போய் நின்றேன். நான்கு துளை, நான்கு போல்ட், இரும்புத் தாங்கி; அரை நாள் வேலை. தோணியாட்கள் ஐந்து பேரும் என் கையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூசை செய்து நிறுத்திய பாய்மரத்தில் பிறகு ஆணி இறங்கக் கூடாதாம். மரத்துக்கு நோகும் என்றார் ஒருவர். எங்கள் ஊரில் விளக்கு மாட்டவும் விளம்பரத் தகடு மாட்டவும் மரத்துக்கு மரம் ஆணி அடிப்போம் என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன், ஆனால் ஒருவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சபாரத்தினம் பூவரசங்கட்டை இரண்டைக் கொண்டுவந்தார். பாய்மரத்தின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும்படி உட்புறத்தைச் செதுக்கினார். இரண்டு கட்டையும் இரண்டு பக்கமும் மரத்தை அணைத்துப் பிடிக்க, தார் பூசிய கயிற்றால் சுற்றிச் சுற்றி வரிந்தார்கள். சுற்றுக்கு ஒருதரம் இரண்டு பேர் காலை மரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். கடைசியில் இடுக்குகளில் ஆப்பு இறக்கினார்கள். தாங்கியை மரத்தில் பூட்டாமல் கட்டையில் பூட்டச் சொன்னார்கள். கயிற்றை நம்பி விலையுயர்ந்த கருவியை ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்படியானால் தொங்கிப் பாருங்கள் என்றார் சபாரத்தினம்.

தொங்கினேன். அசையவில்லை. இன்னொருவரும் தொங்கினார். மூன்றாமவர் என் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது என் வேட்டிதான் நழுவியதே தவிர, கட்டு நழுவவில்லை. பாய்மரம் காற்றில் வளைந்து கொடுக்கும். போல்ட் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் துளை பெருத்து ஆடியிருக்கும். இந்தக் கட்டு மரத்தோடு சேர்ந்து வளையும். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் மரக்கப்பல்களுக்கு இப்படித்தான் பூட்டுகிறேன், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லவும் செய்கிறேன்.

தார் காய ஒரு நாள் விட வேண்டியிருந்தது. சபாரத்தினம் என்னைக் கீரிமலைக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் ஒரு பெரியவர் மடியில் என்னை ஏறக்குறைய உட்கார வைத்துவிட்டார்கள்; அவர் கோபிக்காமல் எந்த ஊர் என்று விசாரித்தார். கடலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கேணி. திருச்செந்தூர் நாழிக்கிணற்றைச் சொல்லி நான் பெருமை அடிக்கலாம். ஆனால் அதில் குதித்து நீந்த முடியாது. இதில் ஊறிக் கிடந்தோம்.

கரையில் தலை துவட்டும்போது சபாரத்தினம் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு என்ரை கண்ணிலை நம்பிக்கை போயிட்டுது அண்ணை. முந்தி தண்ணியின்ரை நிறத்தைப் பாத்து ஆழம் சொல்லுவன். இப்ப பாத்தாலும், இன்னொருத்தன் சொல்லட்டும் எண்டு நிக்கிறன். அப்பிடி நிக்கிறவன் தண்டையல் இல்லை."

என் கருவி உங்களுக்கு அந்த நம்பிக்கையைத் தரும் என்று தைரியம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் மகா பெருமிதம். ஒரு மனிதனின் வாழ்வையே நிமிர்த்தப் போகிற ஆளாக என்னை எண்ணிக்கொண்டேன்.

ரேடாரை ஏற்றி, மின்கம்பி இழுத்து, தோணி நங்கூரத்தில் நிற்கும்போதே சோதித்துப் பார்த்தேன். கரை, பாறைத்திட்டு, பக்கத்தில் நின்ற வள்ளங்கள் எல்லாம் திரையில் பளிச்சென்று விழுந்தன. சபாரத்தினத்துக்கு இரண்டு மணி நேரத்தில் அந்தத் திரையை வாசிக்க வந்துவிட்டது. மற்ற இடங்களில் அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். மறுநாள் காலை வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று.

விடிந்தபோது மாசிப் பனி. தோணியின் முன்பக்கத்தில் நின்றவர் பின்பக்கத்துக்குப் புகையாகத் தெரிந்தார். சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. நான் போவதற்கு முன்பே பூசை முடிந்திருந்தது. ரேடார் மூடிமேல் முன்பக்கமாகக் கனத்த பூமாலை தொங்கியது. பூ ரேடாருக்கு ஒன்றும் செய்யாது. நானும் திருநீறு பூசிக்கொண்டு ஏறினேன். மகேசுவரி அக்கா பாய்மரத்தடியில் ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

பாறைத்திட்டின் வாயைக் கடந்து வெளியே வந்தோம். சபாரத்தினம் சுக்கானைப் பிடித்திருந்தார். எஞ்சின் மெதுவாக ஓடியது. நான் திரையின் ரப்பர் மூடிக்குள் முகத்தைப் புதைத்தேன். பின்னால் எங்கள் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. முன்னாலும் ஒரு கோடு தெரிந்தது, சரியாக எங்கள் மூக்குக்கு நேரே, ஒரு மைலில்.

வடக்கே ஒரு மைலில் வெறும் கடல்தான் இருக்க வேண்டும். முன்னால் ஏதோ இருக்கிறது, வலப்பக்கம் திருப்புங்கள் என்று கத்தினேன். திருப்பினார். கோடும் கூடவே வந்து மூக்குக்கு நேரே நின்றது. இடப்பக்கம் என்றேன். இடப்பக்கமும் அதே. என் வாழ்நாளில் அப்படி வியர்த்ததில்லை. நாலாபக்கமும் கரை சூழ்ந்துவிட்டது என்றே நம்பினேன். அக்கா பலகையை விட்டு எழுந்துவிட்டார். திரும்பிப் போவோம் என்று அவர் சொன்ன குரலில் அதட்டல் இல்லை, பயம் இருந்தது. தோணியாட்கள் ஐவரும் சபாரத்தினத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய மழை அத்தனை பேர் கண்ணிலும் தெரிந்தது.

அவர் சுக்கானை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்து, என்னை விலக்கி, திரைக்குள் முகத்தை வைத்தார். நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை. பிறகு ஒருவரை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கச் சொன்னார். ஆழம் நிறையவே இருந்தது. நேராகக் கொஞ்சத் தூரம் போகவிட்டார். மறுபடி ஆழம் பார்த்தார். இன்னும் கூடியிருந்தது.

"அண்ணை, முந்தி பின்னாலை எங்கடை கரை எவ்வளவு தூரம்?"

ஒரு மைல் என்றேன்.

"முன்னுக்கு நிண்டது?"

அதுவும் ஒரு மைல்தான் என்றேன்.

"இப்ப ரண்டும் ஒண்டரை. நாங்கள் போகப் போகப் பின்வாங்கிற கரை எங்கையும் இல்லை. உது எங்கடை கரைதான். பஸ் டிரைவர் கண்ணாடியிலை பின்னாலை பாக்கிறமாதிரி, உந்தச் சாமான் முன்னுக்கு எதிலையோ பட்டுப் பின்னாலை பாக்குது."

இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். உலோகம் எதிரே நின்றால் இப்படிப் பொய்க்கோடு விழும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். பயம் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. முந்தின நாள்தான் திரையைப் பார்த்த மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அக்கா கேட்டது ஒரே சொல்தான். "நிச்சயமோ?"

"ஓம் அக்கா," என்றார். சுக்கானை வாங்கிக்கொண்டு, தோணியை அந்தக் கோட்டுக்கு நேராகவே விட்டார்.

எனக்கு அவர் சொன்னது சரி என்று தெரியும். தெரிந்தும் பாய்மரத்தை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அக்கா உட்காரவில்லை, ஆனால் திரும்பச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சபாரத்தினம் ஓர் ஆளை மரத்தில் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஏறியவர் மாலையை விலக்கினார். அதற்குப் பின்னால் ரேடார் மூடியோடு சேர்த்துக் கட்டிய ஒரு பித்தளைத் தகடு மின்னியது. அதில் ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு இரண்டு கண்கள்.

கோவிலில் அம்மனுக்குச் சாத்தும் கண்மலர். பித்தளைப் பட்டறையில் சொல்லி அக்கா பெரிதாகச் செய்வித்திருந்தார். தோணிக்குக் கண் வரையும் வழக்கம் இருக்கும்போது, தோணியின் புதுக் கண்ணைக் கண் திறக்காமல் கடலுக்கு விடுவதா? விடியற்காலையில் ஆளை ஏற்றிக் கட்டுவித்திருக்கிறார். உலகத்தில் எத்தனையோ விதமாக ரேடார் கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறேன். பக்தியோடு கண்ணைக் கொடுத்துக் குருடாக்கியது இந்த ஒன்றுதான்.

தகட்டை அவிழ்த்ததும் பொய்க்கோடு போய்விட்டது. அது மறைத்து வைத்திருந்த ஒன்று வெளியே வந்தது. முன்னால், சற்று இடப்புறம், மிகக் கிட்டத்தில் ஒரு சின்னப் புள்ளி. நான் வாயைத் திறக்குமுன் சபாரத்தினம் சுக்கானை வலப்பக்கம் தள்ளியிருந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு வள்ளமும், வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வெளிப்பட்டார்கள். தாராளமான இடைவெளி விட்டுக் கடந்தோம். அவர்கள் கையசைத்தார்கள். பெரிய ரேடாரை வாங்கியிருந்தால் அந்தக் கிட்டத்தில் அந்த வள்ளம் தெரிந்திருக்காது. கொழும்புக் கடையில் நான் என்ன சொன்னேன் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

வெயில் ஏறிப் பனி விலகியபோது எங்களைச் சுற்றி வெறும் கடல், தூரத்தில் பருத்தித்துறை வெளிச்சவீட்டின் உச்சி. பாயை ஏற்றிக் கரைக்குத் திரும்பினோம். ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கா பித்தளைக் கண்ணை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி பாயைத் தளர்த்துவதையும் இறுக்குவதையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தப்பு அவருடையது, ஆனாலும் தோணியில் ஒரு கருவி பொய் சொல்லியிருக்கிறது, எல்லோரும் பயந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று முடிவெடுக்க அதுவே போதும்.

சபாரத்தினத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பூட்டியது வேலை செய்தது, அதிலும் பெருமைதான், மறுக்க மாட்டேன். ஆனால் கருவி கைவிட்ட இடத்தில் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்கக் கொடுத்து வைத்ததற்காக, அந்தப் பயணத்தில் பட்ட பாடு முழுவதும் எனக்கு இனித்தது.

கரையில் தோணியை எதிர்பார்த்து ஒரு வியாபாரி நின்றார். திருகோணமலைக்கு அனுப்பப் புகையிலைச் சிப்பங்களைக் கட்டி வைத்துக்கொண்டு பல நாளாக அக்காவிடம் நடையாய் நடப்பவராம். அக்கா கால் நனைய இறங்கியதும் இறங்காததுமாக, எப்போது புறப்படும், எந்த நாள் சரக்கு ஏற்றலாம் என்று கேட்டார்.

அக்கா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"என்னை ஏன் கேக்கிறியள்? தண்டையல் நிக்கிறார், அவரைக் கேளுங்கோ."